பூட்டில்லாத சத்திரங்கள்

மலையேறுகிறவனுடைய பகைகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது இரவு. பகற்பொழுதில் அவனுடைய கைக்கும் காலுக்கும் பிடிகொடுத்து உதவிய அதே பாறை, சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் உடம்பின் உஷ்ணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் குளிர்ந்த சுவராக மாறிவிடுகிறது, உருகி வழிந்த நீர் பிளவுகளில் மீண்டும் உறைகிறது, காற்று எழுகிறது, மேகம் சூழ்ந்தால் இடியும் மின்னலும் முகட்டையே நாடி வருகின்றன. ஏறவும் இயலாமல் இறங்கவும் இயலாமல் பாறையின் நடுவே அகப்பட்டுக்கொண்டவனுக்கு அந்த வேளையில் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு காய்ந்த இடம் கிடைக்குமானால், அது அரண்மனைக்கு ஒப்பாகும். அந்த ஆறடி இடத்தை உண்டாக்குவதற்காக இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழிகாட்டிகளும் தச்சர்களும் விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் செய்துவந்த பிரயத்தனங்களின் சரித்திரமே இக்கட்டுரையின் பொருள்.

சமவெளியில் வீடு கட்டுகிறவனுக்குக் கனவிலும் தோன்றாத மூன்று நிபந்தனைகள் மலைமுகட்டில் குடில் அமைப்பவனை எதிர்நோக்கி நிற்கின்றன. முதலாவது, அங்கே போய்ச் சேரவேண்டிய ஒவ்வோர் ஆணியும் ஒவ்வொரு பலகையும் யாரோ ஒருவருடைய முதுகில் ஏறித்தான் போகவேண்டும். ஆகையால் கட்டடத்தின் கனத்தைத் தீர்மானிப்பது சுமப்பவனுடைய சக்தியேயன்றிக் கட்டுகிறவனுடைய விருப்பமன்று. இரண்டாவது, வேலைக்கு ஏற்ற நாட்கள் ஆண்டில் மிகச் சில. அச்சில நாட்களுக்குள் கூரை முடியாவிட்டால், அடுத்த புயல் அதுவரை கட்டியதையும் வாரிக்கொண்டு போய்விடும். மூன்றாவது, அங்கே வந்து தங்கப்போகிறவன் யார் என்பது கட்டுகிறவனுக்குத் தெரியாது. எந்த நாட்டிலிருந்தோ எந்த இரவிலோ வரப்போகும் முகமறியாத ஒருவனுக்காகக் கதவு திறந்தே காத்திருக்க வேண்டும். நம் முன்னோர் வழிப்போக்கருக்கென்று சாலையோரங்களில் கட்டிவைத்த சத்திரங்களின் தருமமும் இதுவேதான். இம்மூன்று நிபந்தனைகளுக்கும் ஒவ்வொரு தலைமுறையும் எவ்வாறு விடை கண்டது என்று பார்த்துக்கொண்டு போனால், இந்தச் சரித்திரம் தானாகவே விளங்கும்.

ஆல்ப்ஸ் மலைகளில் ஏறத் தொடங்கிய ஆதிகாலத்தவர் பெரும்பாலும் பாறை இடுக்குகளிலேயே இரவைக் கழித்தனர். ஜெனீவா நகரத்து விஞ்ஞானியான ஹோராஸ் பெனடிக்ட் டி ஸொசூர், மோன் பிளாங் சிகரத்தை அடையவேண்டும் என்ற தீராத ஆசையினால், 1785-ஆம் ஆண்டில் கூட்டே முகட்டின் அடியில் கற்களை அடுக்கி ஒரு சிறு குடிலைக் கட்டுவித்து, அதில் தங்கி ஏற முயன்றார். புதிதாக விழுந்திருந்த பனி வழியை அடைத்ததால் அவர் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1786 ஆகஸ்டு 8-ஆம் தேதி, ஷாமொனி கிராமத்து வைத்தியர் பக்காரும், படிகக்கல் தேடி மலைகளில் அலைபவரான பால்மாவும் அச்சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்தனர். 1787-இல் ஸொசூரும் ஏறி மீண்டார். அதனோடு அவர் நிறைவடையவில்லை. 1788-இல் தம் மகனையும் உடனழைத்துக்கொண்டு, ஏறக்குறைய 3,350 மீட்டர் உயரத்தில் உள்ள கோல் டு ஜெயான் கணவாயில் கற்குடிலும் கூடாரமும் அமைத்து, இரண்டு வாரங்களுக்கு மேல் அங்கேயே வாசம் செய்து, காற்றின் அழுத்தத்தையும் ஈரத்தையும் வெப்பநிலையையும் நாள்தோறும் அளந்து குறித்துவந்தார். அவ்வளவு உயரத்தில் மனிதன் இரவைக் கடந்து உயிரோடிருக்கலாம் என்பது மட்டுமன்றி, அறிவு கலங்காமல் காரியமும் செய்யலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று.

மோன் பிளாங் யாத்திரை பெருகப் பெருக, பாதிவழியில் ஒரு நிலையான தங்குமிடம் வேண்டும் என்ற அவசியமும் பெருகியது. பனியாறுகளுக்கு நடுவே தீவுபோலத் தலைநீட்டும் கிராண் முலே என்ற பாறைக்கூட்டத்தில், ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்தில், 1853-ஆம் ஆண்டில் ஒரு மரக்குடில் எழுந்தது. சுற்றிலும் நகர்ந்துகொண்டேயிருக்கும் பனிக்கு நடுவே நகராத பாறையைத் தேர்ந்தெடுத்துக் கட்டிய அந்த விவேகம், பின்வந்த எல்லாருக்கும் பாடமாக அமைந்தது. 1863-ஆம் ஆண்டில் ஸ்விட்ஜர்லாந்திலும் இத்தாலியிலும் மலையேறுவோர் சங்கங்கள் தோன்றின. ஸ்விஸ் சங்கம் தான் பிறந்த அதே ஆண்டிலேயே ட்யோடி மலையில் க்ருயூன்ஹார்ன் குடிலைக் கட்டி முடித்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்க செய்தி. மலையேறுகிறவர்கள் ஒரு சங்கமாகக் கூடியதும் அவர்கள் மனத்தில் முதலில் எழுந்த கடமை, பிறகு வருகிறவர்களுக்கு ஒரு கூரை போட்டுவைப்பது என்பதாகவே இருந்தது.

1865 ஜூலை 14-ஆம் தேதி எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயரும் அவருடைய கூட்டத்தாரும் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் அடைந்தனர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அந்தத் துயரச் செய்தி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. மலையேற்றமே கூடாது என்று பலர் கண்டித்துக்கொண்டிருந்த அந்நாட்களில், மலையை நேசித்தவர்கள் வேறு விதமாக மறுமொழி சொன்னார்கள்: 1867-இல் இத்தாலியப் பக்கத்தில், மலையின் கழுத்தைச் சுற்றிய பட்டைபோலத் தோன்றுவதால் ‘கிராவாத்’ என்று பெயர்பெற்ற ஒரு குறுகிய விளிம்பில், 4,100 மீட்டருக்கும் மேலே, பாறையோடு பாறையாக ஒட்டி ஒரு புகலிடம் கட்டப்பட்டது, அடுத்த ஆண்டு ஸ்விஸ் பக்கத்திலும் ஒன்று எழுந்தது. செங்குத்துப் பாறையின் மேனியிலேயே, அடிவாரத்திலோ கணவாயிலோ அன்றி, மனிதன் வீடு கட்டத் துணிந்த காலம் அப்போதுதான் தொடங்கியது எனலாம்.

இக்கலையின் அஸ்திவாரப் பிரச்னையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் இரண்டு கட்டடங்கள் 1893 என்ற ஒரே ஆண்டில் தோன்றின. பிரெஞ்சு வானசாஸ்திரியான ஜூல் ஜான்ஸன், மோன் பிளாங் சிகரத்தின் உச்சியிலேயே ஒரு நக்ஷத்திர ஆராய்ச்சி நிலையம் அமைக்க ஆசைப்பட்டார். அடியில் பாறை இருக்கிறதா என்று அறிவதற்காக, பொறியியல் மேதை ஐஃபலின் ஆதரவில் பனியைக் குடைந்து சுரங்கம் தோண்டிப் பார்த்தும் பாறை தென்படவில்லை. ஆயினும் ஜான்ஸன் மனந்தளராமல், பனியின்மீதே கட்டடத்தை நிறுத்தி, அது சாய்ந்தால் நிமிர்த்துவதற்குத் திருகு யந்திரங்களையும் அடியில் வைத்தார். பனி தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. நிலையம் ஆண்டுக்காண்டு அமிழ்ந்து, 1909-ஆம் ஆண்டளவில் முற்றும் கைவிடப்பட்டது. அதே 1893-இல் இத்தாலியர், மோன்ட்டே ரோஸாத் தொகுதியில் 4,554 மீட்டர் உயரமுள்ள நிஃபெட்டி சிகரத்தில் மார்கெரிட்டா குடிலைத் திறந்துவைத்தனர். இதைப் பள்ளத்தாக்கிலேயே தச்சர்கள் முழுவதும் இணைத்துப் பார்த்து, பிறகு பிரித்து, கோவேறு கழுதைகளின்மேலும் அதற்கப்பால் கூலியாட்களின் முதுகிலும் ஏற்றி, சிகரத்துப் பாறையில் மீண்டும் கூட்டினர். இத்தாலிய ராணி மார்கெரிட்டாவே மலையேறி வந்து தம் பெயர் தாங்கிய அக்குடிலில் தங்கினார். ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியல் விஞ்ஞானி, உயரத்தினால் மனித உடம்புக்கு நேரும் மாறுதல்களை அங்கே ஆராய்ந்தார். பழைய மரக்கட்டடத்துக்குப் பதிலாக 1980-ஆம் ஆண்டளவில் எழுப்பிய புதிய கட்டடத்தைச் செப்புத் தகட்டால் முழுவதும் போர்த்தினர். மின்னல் தாக்கினால் அது உட்புகாமல் அந்தச் செப்புக் கவசத்தின் வழியே பாறைக்குள் இறங்கிவிடும். பனி ஏமாற்றும், பாறை தாங்கும். கீழே கூட்டிப் பார்த்ததை மேலே கொண்டுபோவதே உத்தமம்: இந்த இரண்டு பாடங்களும் பின்னர் மறக்கப்படவே இல்லை.

மாட்டர்ஹார்னின் ஹ்யோர்ன்லி முகட்டில் 4,003 மீட்டர் உயரத்தில் இருக்கும் சால்வே குடிலின் கதை இன்னும் உருக்கமானது. சோடா உப்புத் தயாரிக்கும் புதிய ரசாயன முறையைக் கண்டு பெருஞ்செல்வம் ஈட்டிய பெல்ஜிய நாட்டு எர்னஸ்ட் சால்வே, 1911-இல் ஐன்ஸ்டைனையும் மேரி க்யூரியையும் போன்ற பௌதிக மேதைகளை பிரஸ்ஸெல்ஸ் நகரில் ஒன்றுகூட்டிய அதே தர்மவான், மலைகளின்மேல் கொண்ட அன்பினால் இதன் செலவையும் ஏற்றார். கட்டடச் சாமான்கள் முகட்டின் அடியிலிருந்த ஹ்யோர்ன்லி குடில்வரை பொதிவிலங்குகளாலும், அங்கிருந்து தற்காலிகமாக இழுத்துக் கட்டிய கம்பிவடத்தாலும் மேலே சென்றன. 1915-இல் ஐந்தே நாட்களில் குடில் எழும்பிவிட்டது. 1917-இல் அது திறந்துவைக்கப்பட்டது. ஐந்து நாள் வேலைக்குப் பின்னால் எத்தனை மாத ஆயத்தம் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சௌகரியமாக உறங்கிச் செல்ல விரும்புகிறவனுக்கு அது உரியதன்று. புயலில் அகப்பட்டவனுக்கும், காயமுற்றவனுக்கும், பொழுது சாய்ந்துவிட்டவனுக்குமே அது உரியது. ஆல்ப்ஸின் வேறொரு பகுதியில் உள்ள ஐகர் மலையின் கத்தி விளிம்புபோன்ற மிட்டெலெகி முகட்டை 1921-இல் முதன்முதலாக ஏறிய ஜப்பானியர் யூக்கோ மாக்கி, நன்றியறிதலாக அளித்த பொருளுதவியைக் கொண்டு, 1924-இல் அம்முகட்டின்மீதே 3,355 மீட்டர் உயரத்தில் ஒரு குடில் நிறுவப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் மேற்கின் மலையில் பிறருக்காகக் கூரை வேய்ந்துவிட்டுப் போனார் என்றால், இந்தத் தருமத்துக்குத் தேசம் ஏது?

ஆயினும் இவையெல்லாம் குடில்களே. கரடுமுரடான எல்லா இடங்களிலும் இவற்றைக் கட்ட இயலாது. ‘பிவாக்’ என்ற சொல் கூரையின்றி வெட்டவெளியில் இரவைக் கழிப்பதைக் குறிப்பது. அந்தச் சொல்லோடு ‘நிலையான’ என்ற அடையைச் சேர்த்து, இத்தாலியத் தேர்ந்த மலையேறிகளின் சங்கம் 1925-இல் ஒரு புதிய கருத்தை உருவாக்கிற்று. மோன் பிளாங் தொகுதியில் எஸ்தலெத், ஃப்ரெபூஸ் என்ற இரண்டு இடங்களில் அவர்கள் நிறுத்திய கட்டடங்கள், டூரின் நகரத்து ரவெல்லி சகோதரர்களின் பட்டறையில் உருவானவை: நீளவாக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாய் போன்ற வடிவம், உள்ளே மரச்சட்டம், வெளியே உலோகத் தகடு, உட்காரலாமேயன்றி நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். அந்த வளைவில் பெரிய யுக்தி அடங்கியிருக்கிறது. காற்று மோதுவதற்கு நேர்ச்சுவர் கிடையாது. பனி தங்குவதற்குத் தட்டையான கூரை கிடையாது. உயரம் குறைவாதலால் படுத்திருக்கும் நான்கைந்து பேருடைய உடற்சூடே அறையைக் காக்கப் போதுமானது. நிற்கும் உயரத்தைத் துறந்ததனால் அது நிலைத்திருக்கும் உரிமையைப் பெற்றது. காவலாளி இல்லை, கட்டணம் வாங்குவோர் இல்லை, பூட்டு இல்லை. பிற்காலத்தில் டிரென்டோவைச் சேர்ந்த பொறியியலாளர் அப்போலோனியோ இவ்வடிவத்தைப் பெரிதாக்கி, ஒன்பது பேர் படுக்கவும் நிமிர்ந்து நடமாடவும் தக்கதாக அமைத்தார். இத்தாலிய மலைகளில் அது எங்கும் பரவிற்று.

இந்த எளிய பீப்பாயைக் கலையாக உயர்த்தியவர் ஒரு பெண்மணி. 1903-இல் பிறந்து, 1927 முதல் பத்தாண்டுகள் கட்டடக் கலைஞர் ல கார்பூஸியரின் பாரிஸ் அலுவலகத்தில் பணியாற்றிய ஷார்லட் பெரியான், தாமே பனிமலைகளில் ஏறிப் பழகியவர். குளிரில் கைவிரல் விறைக்கும்போது ஒரு திருகாணியை முடுக்குவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். பொறியியலாளர் ஆந்த்ரே தூர்னோனுடன் சேர்ந்து 1937-ஐ ஒட்டி அவர் வகுத்த பிவாக் குடிலில், அலுமினியக் குழாய்களும் பலகைகளும் ஒருவர் முதுகில் சுமக்கக்கூடிய துண்டுகளாக வகுக்கப்பட்டு, ஆறு பேர் தங்கும் இடம் மலைமேல் நான்கு நாட்களில் கூட்டப்பட்டது. உள்ளே வீணான அங்குலம் இல்லை; பகலில் இருக்கையாவது இரவில் படுக்கையாகும். 1938-இல் கட்டடக் கலைஞர் பியர் ழானெரேயோடு சேர்ந்து அவர் வரைந்த ‘பீப்பாய்க் குடில்’ இதற்கும் ஒருபடி மேலே சென்றது. திருவிழாவில் குழந்தைகள் ஏறிச் சுற்றும் குடைராட்டினத்தின் புகைப்படம் ஒன்று அவர்கள் கருத்தைத் தூண்டியது: நடுவே ஒரு கம்பம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு பக்கங்கள், தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் கால்கள், மையத்தில் கணப்பு, சுற்றிலும் படுக்கைகள். யுத்தம் வந்துவிட்டது, அக்குடில் அவர்கள் காலத்தில் மலையேறவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, இந்த நூற்றாண்டில்தான் வரைபடத்தைக் கொண்டு அதை முழு அளவில் செய்து பார்த்தார்கள். அந்த ழானெரே பின்னர் நம் நாட்டுக்கு வந்து, சண்டிகர் நகர நிர்மாணத்தில் 1951 முதல் 1965 வரை உழைத்து, தம் அஸ்தியையும் அந்நகரத்துச் சுக்னா ஏரியிலேயே கரைக்கச் செய்தார் என்பதை எண்ணும்போது, மலைமேல் சில பேருக்கு இடம் தேடிய கைகளும் சமவெளியில் லட்சம் பேருக்கு இடம் தேடிய கைகளும் ஒன்றே என்பது மனத்தைத் தொடுகிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு சிறு விளிம்பாவது வேண்டும். விளிம்பே இல்லாத சுவரில் என் செய்வது? இக்கேள்வியைக் கேட்டது கலிபோர்னியாவின் யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கு. அங்கே எல் காப்பிட்டான் என்ற கருங்கற் சுவர் ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. 1958 நவம்பர் 12-ஆம் தேதி வாரன் ஹார்டிங்கும் துணைவர் இருவரும் அதன் உச்சியை அடைந்தபோது, இடைவிட்டு இடைவிட்டு ஒன்றரை ஆண்டில் நாற்பத்தைந்து நாட்கள் அவர்கள் பாறையில் உழைத்திருந்தனர். 1960-இல் ராயல் ராபின்ஸ் முதலிய நால்வர் நடுவே இறங்காமல் ஏழே நாட்களில் அதை ஏறி முடித்தனர். இறங்காமல் ஏறுவதென்றால் சுவரிலேயே உறங்கியாக வேண்டும். விளிம்பு கிடைத்த இடத்தில் விளிம்பிலும், கிடைக்காத இடத்தில் தொங்கும் தூளியிலும் உறங்கினார்கள். தூளியோ உடம்பை இருபுறமும் நெருக்கித் தோள்களை நசுக்கும். மழை பெய்தால் நீர் தேங்கும். 1970-இல் ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் அதே சுவரின் மற்றொரு பாதையில் இருபத்தேழு நாட்கள் கிடந்து, புயலில் நனைந்து, மீட்க முன்வந்தவர்களையும் வேண்டாம் என்று மறுத்து ஏறி முடித்ததற்கு, அவர்களுடைய சித்தத்தின் உறுதியே காரணமன்றித் தூளி காரணமன்று.

தூளியின் குறையைத் தீர்க்க எழுந்ததே ‘போர்ட்டலெட்ஜ்’ என்னும் தொங்குகட்டில். அலுமினியக் குழாய்களால் ஆன நீள்சதுரச் சட்டம். அதில் இழுத்துக் கட்டிய நைலான் துணி. மூலைகளிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் புறப்படும் வார்கள் எல்லாம் மேலே ஒரே புள்ளியில் கூடி, பாறையில் அறைந்த நங்கூரத்தில் மாட்டப்படும். அதன்மேல் மழைத்துணி கூடாரம்போல் இறங்கும். காலையில் அனைத்தையும் கழற்றிச் சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கும். எழுபதுகளில் தொடங்கிய இம்முயற்சி எண்பதுகளில் பட்டறைகளில் உருவாகி விலைக்கு வந்தது. 1986-இல் அதே யோஸெமிட்டியின் ஹாஃப் டோம் மலையின் தெற்குச் சுவரில் புயல் அடித்தபோது, கட்டில் உடைந்து சாகும் தறுவாயில் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டவர்களில் ஜான் மிடன்டார்ஃப் ஒருவர். எந்த மூட்டு வளைந்தது, எந்தத் தையலில் நீர் கசிந்தது என்பதைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற அவர், உறுதியான சட்டத்தையும் நீர்புகாத மழைத்துணியையும் தாமே வகுத்துச் செய்தார். 1992-இல் காரகோரத்தில் 6,286 மீட்டர் உயரமுள்ள கிரேட் டிராங்கோ கோபுரத்தின் மாபெரும் சுவரை, ஸ்விஸ் நாட்டு ஸாவெர் போங்கார்டுடன் தொங்குகட்டிலிலேயே வாழ்ந்து ஏறினார். அதில் உறங்குகிறவன் உறக்கத்திலும் இடுப்புக் கயிற்றை அவிழ்ப்பதில்லை. தான் உண்டதன் மிச்சத்தையும் கழித்ததையும்கூட உடன் சுமந்து இறங்க வேண்டும் என்பது அங்கே விதி. நூறாண்டுக்கு மேலாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டே வந்த கட்டடம், விடிந்ததும் பாறையில் சுவடே இல்லாமல் மறைந்துபோகும் நிலையை இதில் எய்தியது.

இக்காலத்துச் சோதனைகள் வேறு திசையில் செல்கின்றன. 1925-இல் முதல் பீப்பாய்களில் ஒன்று நின்ற அதே ஃப்ரெபூஸ் பனியாற்றின் ஓரத்தில், 2,835 மீட்டர் உயரத்தில், மலையில் உயிர்நீத்த ஜூஸ்தோ ஜெர்வஸூத்தியின் நினைவாக 1948-இல் அமைத்த பிவாக்குக்குப் பதிலாக 2011-இல் புதியது ஒன்று வந்தது: படகுபோல் வார்த்த கூட்டுப்பொருள் ஓடு, நான்கு துண்டுகளாக ஹெலிகாப்டரில் பறந்து வந்து, சில கால்களின்மேல் ஊன்றி, முகப்பைப் பள்ளத்தாக்கின்மேல் நீட்டி நிற்கிறது, பன்னிரண்டு படுக்கைகள், பெரிய கண்ணாடிச் சாளரம், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம். ஸ்லோவேனியாவின் ஸ்கூத்தா மலைச்சரிவில் 2015-இல், ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவர்களின் வரைபடங்களை ஓஃபிஸ் என்ற கட்டடக் கலைஞர் குழு செம்மைப்படுத்தி, மூன்று துண்டுகளாலான கண்ணாடி முகப்புக் குடில் ஒன்றை அமைத்தது. எட்டு பேர் வரை அதில் தங்கலாம்.

இவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. பொறியியல் திறமையும் போற்றத்தக்கதே. ஆனால் தொடக்கத்தில் சொன்ன மூன்று நிபந்தனைகளை மீண்டும் நினைவுகூர வேண்டும். வேலைக்குரிய நாட்கள் சில என்ற நிபந்தனை இன்றும் மாறவில்லை. சுமப்பவனுடைய முதுகு என்ற நிபந்தனையையோ ஹெலிகாப்டர் நீக்கிவிட்டது. எவ்வளவு கனத்தையும் எவ்வளவு உயரத்துக்கும் தூக்கிவிடலாம். ஆகவே, முன்பு முதுகு விதித்த அளவை இனிக் கட்டுகிறவனுடைய மனச்சாட்சி விதிக்க வேண்டும். புகலிடத்தைக் காண்பதற்காகவே மலையேறி வருகிறவர்கள் பெருகினால், புயலில் ஒதுங்க வருகிறவனுக்குப் படுக்கை மிஞ்சாது. அப்போது மூன்றாவது நிபந்தனையும், அதாவது முகமறியாதவனுக்காகக் காத்திருத்தல் என்ற தருமமும், சொல்லாமலே போய்விடும். காட்சிக்காக அகலும் சாளரத்தைவிட, இன்னொருவன் நுழைய இடம்விட்டுச் சாத்திய கதவே மலைக் கட்டடத்தின் உயிர். இதை உணர்ந்து கட்டுகிறவன் எந்தப் பொருளால் கட்டினாலும் நன்றாகவே கட்டுவான். சால்வே குடிலில் இன்றும் படுக்கைகள் பத்தே. கதவுக்குப் பூட்டு இல்லை.